வயலில் வைத்த கேமரா வீட்டிலிருந்து தெரியவில்லையா? காரணம் ‘உள் முகவரி’! வாங்கும் முன் விவசாயிகள் அறிய வேண்டியவை

பம்புசெட் கொட்டகைக்குக் கேமரா, கிணற்றின் நீர்மட்டம் காட்டும் கருவி, சொட்டுநீர் வால்வைத் திறந்து மூடும் பெட்டி என்று இணையத்தில் இயங்கும் கருவிகள் இப்போது கிராமங்களுக்கும் வந்துவிட்டன. மோட்டார் கேபிள் திருட்டு, நேரங்கெட்ட நேரத்தில் வரும் மும்முனை மின்சாரம், ஆள் பற்றாக்குறை ஆகிய மூன்றுக்கும் இவை ஓரளவு தீர்வு தருகின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் நிலம் வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கமும், வீடும் தறியும் நகரத்திலும் வைத்திருப்பவர்களுக்கு இவற்றின் தேவை இன்னும் அதிகம்.

ஆனால் வாங்கி மாட்டிய பிறகு ஒரு சிக்கல் வருகிறது. கொட்டகையில் நின்று பார்த்தால் செல்போனில் கேமரா நன்றாகத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. மாட்டிக் கொடுத்தவரைக் கேட்டால், “ஸ்டேட்டிக் ஐபி வாங்கணும், போர்ட் திறக்கணும்” என்று சொல்லி இன்னொரு செலவைக் காட்டுகிறார். சிலர் அந்தச் செலவையும் செய்துவிட்டுப் பயன் இல்லாமல் நிற்கிறார்கள்.

கேமராவில் பழுது இல்லை. அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் முகவரி ‘உள் முகவரி’ என்பதுதான் காரணம். கணினிக்காரர்கள் இதை பிரைவேட் ஐபி என்பார்கள். இதனால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று தெரிந்துகொண்டால், எந்தக் கருவியை வாங்குவது, எதற்குப் பணம் கட்டுவது என்பதை நாமே முடிவு செய்யலாம்.

சர்வே எண்ணைப் போலத்தான் ஐபி முகவரி

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் வேண்டும். அதுதான் ஐபி முகவரி. 192.168.1.10 என்பதுபோல, புள்ளி வைத்த நான்கு எண்களாக இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை போகலாம்.

இதை நம் சர்வே எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் 45/2 என்று சொன்னால் எல்லோருக்கும் எந்த நிலம் என்று தெரியும். ஆனால் 45/2 பக்கத்து ஊரிலும் இருக்கும், அதற்கடுத்த ஊரிலும் இருக்கும். அதனால்தான் இணையத்தில் பட்டா எடுக்கும்போது முதலில் மாவட்டம், வட்டம், கிராமம் கேட்டுவிட்டு, அதன் பிறகே சர்வே எண்ணைக் கேட்கிறார்கள்.

உள் முகவரியும் அப்படித்தான். 192.168.1.1 என்ற எண் உங்கள் வீட்டு ரவுட்டருக்கும் இருக்கலாம், பக்கத்து வீட்டு ரவுட்டருக்கும் இருக்கலாம், வேறு நாட்டில் உள்ள ஒரு கடையின் ரவுட்டருக்கும் இருக்கலாம். அந்தந்த இடத்துக்குள் மட்டும்தான் அது செல்லும். வெளியே போனால் அந்த எண்ணை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

உலகம் முழுவதற்கும் ஒரே ஒருவருக்கு மட்டும் உரிய எண் ‘பொது முகவரி’. கிராமம், வட்டம், மாவட்டம் எல்லாம் சேர்த்து எழுதிய முழு முகவரியைப் போன்றது அது.

ஏன் இப்படி இரண்டு வகை?

எண்கள் போதவில்லை என்பதுதான் காரணம். இந்த முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான் உண்டு. அதிலும் எல்லாவற்றையும் பயன்படுத்த முடியாது. இந்தியாவின் மக்கள்தொகை மட்டுமே 140 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு வீட்டில் நான்கு செல்போன், ஒரு டிவி, ஒரு கேமரா என்றால் எப்படிப் போதும்?

இந்தத் தட்டுப்பாடு வரும் என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. எனவே சில எண் தொகுப்புகளைத் தனியாக ஒதுக்கி, ‘இவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் இடத்துக்குள் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம், ஆனால் வெளியே அனுப்பக் கூடாது’ என்று 1994 மார்ச்சில் ஒரு யோசனை வந்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறு சில வல்லுநர்கள் இதை எதிர்த்து எழுதினார்கள். ‘ஒரே எண்ணைப் பலர் வைத்திருந்தால், நாளை இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகச் சேரும்போது எண்கள் மோதும், தவறைக் கண்டுபிடிப்பதும் கடினமாகும்’ என்பது அவர்கள் வாதம். இரண்டு தரப்பு சொன்னதும் பின்னாளில் உண்மையாயிற்று.

1996 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணத்தின் மூலம் விதி உறுதியானது. இன்றுவரை அதுதான் நடைமுறை. உள் முகவரிக்கு ஒதுக்கியவை மூன்று தொகுப்புகள்:

• 10 என்று தொடங்கும் எல்லா எண்களும் – 1,67,77,216 முகவரிகள்
• 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எண்கள் – 10,48,576 முகவரிகள்
• 192.168 என்று தொடங்கும் எண்கள் – 65,536 முகவரிகள்

பொது முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதி தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசியப் பகுதிக்கான இருப்பும் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதன் பிறகு பொது முகவரி என்பது பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. நம் கேமராவுக்கு அது சும்மா கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து உள்ளே வர முடியாது

உள் முகவரி வைத்திருக்கும் நம் செல்போன் எப்படி யூடியூப் பார்க்கிறது என்ற கேள்வி வரும். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கங்களை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும்.

சங்கத்தில் இருந்து பட்டும் ஜரிகையும் வாங்கி, உறுப்பினர் தன் வீட்டுத் தறியில் நெய்து கொடுக்கிறார். சேலை வெளியூருக்குப் போகும்போது சங்கத்தின் பெயரில்தான் போகிறது. எந்தத் தெருவில், எந்தத் தறியில் நெய்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அந்தச் சேலை பற்றி ஒரு பதில் கடிதம் வந்தால், சங்கத்தில் உள்ளவர் பதிவேட்டைப் பார்த்து ‘இது இன்னார் நெய்தது’ என்று கண்டுபிடித்து அவரிடம் சேர்த்துவிடுவார். ஆனால் எந்தக் குறிப்பும் இல்லாமல், வெறும் சங்கத்தின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தால் யாரிடம் கொடுப்பது? ஓரமாக வைத்துவிடுவார்.

ரவுட்டர் செய்வதும் இதே வேலைதான். உள்ளே இருக்கும் செல்போன் எதையாவது கேட்கும்போது, ரவுட்டர் தன்னுடைய பொது முகவரியைப் போட்டு, ஒரு டோக்கன் எண்ணையும் சேர்த்து வெளியே அனுப்புகிறது. எந்த டோக்கன் யாருடையது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் உரியவரிடம் கொடுக்கிறது. இதற்கு நாட் என்று பெயர். டோக்கன் எண்ணுக்குப் பெயர் போர்ட்.

இப்போது கேமராவுக்கு வருவோம். நீங்கள் வீட்டிலிருந்து கேமராவைப் பார்க்க முயலும்போது, யாரும் கேட்காத கடிதம் வெளியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. கொட்டகை ரவுட்டரிடம் அதற்கான குறிப்பு எதுவும் இல்லை. எனவே தள்ளிவிடுகிறது. படம் தெரியாததன் காரணம் இவ்வளவுதான்.

மொபைல் ஸ்டார்ட்டர் மட்டும் எப்படி வேலை செய்கிறது?

மிஸ்டு கால் அல்லது எஸ்எம்எஸ் மூலம் மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர்கள் பல ஆண்டுகளாகவே புழக்கத்தில் உள்ளன. வேளாண் பொறியியல் துறையும் இவற்றுக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. சென்னையில் இருந்து கூப்பிட்டாலும் மோட்டார் ஓடுகிறது. ஆனால் அதே கொட்டகையில் உள்ள கேமரா மட்டும் தெரிவதில்லை. ஏன்?

ஸ்டார்ட்டரில் உள்ள சிம்முக்கு 10 இலக்க எண் இருக்கிறது. இந்தியாவில் அந்த எண் வேறு யாருக்கும் கிடையாது. அது ஒரு பொது முகவரி. எங்கிருந்து கூப்பிட்டாலும் மணி அடிக்கும். கேமரா பேசுவது செல்போன் எண்ணில் அல்ல, ஐபி முகவரியில். அங்கே அதற்குக் கிடைத்திருப்பது உள் முகவரி.

ஆனால் எங்கிருந்தும் கூப்பிடலாம் என்றால் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றும் பொருள். அதனால்தான் நல்ல ஸ்டார்ட்டரில் பதிவு செய்த எண்களுக்கு மட்டும் மோட்டார் கட்டுப்படும்படி வசதி வைத்திருக்கிறார்கள். அதைச் செய்யாமல் விட்டால், தவறான எண்ணுக்கு வந்த அழைப்புகூட மோட்டாரை ஓட்டிவிடலாம். கிணற்றில் தண்ணீர் இல்லாத நேரமாக இருந்தால் காயில் கருகிவிடும். பொது முகவரி என்றால் பூட்டும் கூடவே வேண்டும்.

உள் முகவரியின் நன்மைகள்

செலவில்லை, அனுமதி தேவையில்லை. எத்தனை கேமரா, எத்தனை சென்சார் வைத்தாலும் முகவரிக்காக ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

நிறுவனத்தை மாற்றினாலும் எண் மாறாது. ஒரு சிம்மில் சிக்னல் சரியில்லை என்று வேறு சிம் போட்டால், வெளி முகவரி மாறும். உள்ளே கேமரா, பதிவுப் பெட்டி, சென்சார் ஆகியவற்றின் எண்கள் அப்படியே இருக்கும். எதையும் திரும்ப அமைக்க வேண்டியதில்லை.

இணையம் போனாலும் உள்ளே வேலை நடக்கும். கேமராவும் பதிவுப் பெட்டியும் ஒரே கொட்டகையில் உள் முகவரியில் பேசிக்கொள்வதால், டவர் சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு நிற்காது. திருட்டு நடந்த பிறகு நமக்குத் தேவைப்படுவது அந்தப் பதிவுதான்.

ஓரளவு மறைவு. வெளியில் இருந்து யாரும் நேரடியாகக் கருவியைத் தட்ட முடியாது. வயலைச் சுற்றிப் போட்ட வேலி மாதிரி. ஆனால் வேலி வேறு, பூட்டு வேறு என்பதை மறக்கக் கூடாது.

இழப்புகள் என்னென்ன?

நேரடியாக எட்ட முடியாது. மேலே பார்த்த கேமரா சிக்கல் இதுதான்.

நடுவில் ஒருவரை நம்ப வேண்டும். இப்போது விற்கும் சிம் கேமராக்களில் பல, செல்போன் செயலியில் எங்கிருந்தும் தெரிகின்றன. காரணம், கேமரா தானாகவே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சர்வரோடு இணைந்து காத்திருக்கிறது. நீங்களும் அதே சர்வருக்குப் போகிறீர்கள். இரண்டு பேரும் அங்கே சந்திக்கிறீர்கள். வசதிதான். ஆனால் அந்த நிறுவனம் சர்வரை நிறுத்தினால் கருவி பயனற்றுப் போகலாம். ஓராண்டுக்குப் பிறகு கட்டணம் கேட்கலாம். உங்கள் வயலின் காட்சி அவர்கள் வழியாகப் போகிறது என்பதும் உண்மை.

எண்கள் மோதும். வீட்டு ரவுட்டரும் 192.168.1, கொட்டகை ரவுட்டரும் 192.168.1 என்று இருந்தால் தனித்தனியாகச் சிக்கல் இல்லை. இரண்டையும் இணைக்க நினைத்தால், இரண்டு கிராமங்களை ஒன்றாக்கிவிட்டு இரண்டு 45/2 வைத்திருப்பதுபோல் ஆகும். 1994இல் எதிர்த்தவர்கள் சொன்னது இதைத்தான்.

பலர் ஒரே முகவரியில். ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பலர் இருக்கும்போது, அதில் ஒருவர் தவறு செய்து ஏதாவது இணையதளம் அந்த முகவரியைத் தடுத்தால், மற்றவர்களுக்கும் அது திறக்காது.

உள் முகவரிக்குள் இன்னொரு உள் முகவரி

பணம் வீணாவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

முன்பெல்லாம் நம் ரவுட்டர் வரைக்குமாவது பொது முகவரி வந்தது. இப்போது செல்போன் நிறுவனங்களும், பல ஃபைபர் நிறுவனங்களும் நம் ரவுட்டருக்கே உள் முகவரியைத்தான் கொடுக்கின்றன. பொது முகவரி நிறுவனத்தின் பெரிய கருவியில் இருக்கும். அதற்குப் பின்னால் பல வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். இதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் சுமார் 42 லட்சம் எண்களைத் தனியாக ஒதுக்கினார்கள். இந்த ஏற்பாட்டைத் தொழில்நுட்பக்காரர்கள் சிஜிநாட் என்பார்கள்.

ரவுட்டரில் ‘போர்ட் திறப்பது’ என்றால், இந்த டோக்கன் எண்ணில் வரும் கடிதத்தை இந்தக் கேமராவிடம் கொடு என்று ரவுட்டரிடம் எழுதி வைப்பது. ஆனால் கடிதம் ரவுட்டர் வரைக்கும் வந்தால்தானே? அது நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கருவியில் நாம் எதையும் எழுதி வைக்க முடியாது. எனவே சிஜிநாட் உள்ள இணைப்பில், நம் ரவுட்டரில் எத்தனை முறை போர்ட் திறந்தாலும் பயன் இல்லை. அதற்காகக் கூலி கொடுப்பது வீண்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம்

1. கொட்டகை வைஃபையில் செல்போனை இணைத்து, ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கவும். திறப்பதற்கான எண் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும்.

2. அதில் ‘வான்’ அல்லது ‘இன்டர்நெட்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளவும்.

3. அந்த எண் 10, 192.168, 172.16 முதல் 172.31, அல்லது 100.64 முதல் 100.127 என்று தொடங்கினால், உங்கள் ரவுட்டருக்கே பொது முகவரி இல்லை.

4. வேறு எண்ணாக இருந்தால், அதே வைஃபையில் ‘என் ஐபி முகவரி என்ன’ என்று இணையத்தில் தேடவும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பொது முகவரி உங்களிடம் உள்ளது. வேறு வேறாக இருந்தால் இல்லை. தேடலில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரி வந்தால் அது புதிய வகை. அதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

ஐந்து நிமிட வேலை. மாட்ட வருபவரிடம் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

மோட்டாரை ஓட்டி நிறுத்த மட்டும்: எஸ்எம்எஸ், மிஸ்டு கால் ஸ்டார்ட்டரே போதும். இணையம் வேண்டாம், ஐபி சிக்கலும் இல்லை. சிக்னல் குறைவான இடத்திலும் வேலை செய்யும். வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். 2ஜி மட்டும் உள்ள ஸ்டார்ட்டரில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. 4ஜியில் இயங்கும் ஸ்டார்ட்டர் வாங்குவது நாளைக்கும் நல்லது.

ஒன்றிரண்டு கேமரா பார்க்க: சர்வர் வழியாக இயங்கும் சிம் கேமரா போதும். பெயர் தெரிந்த நிறுவனமாகவும், உள்ளே மெமரி கார்டில் பதிவாகும் வசதி உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். டேட்டா கணக்கையும் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 1 எம்பிபிஎஸ் வேகத்தில் 24 மணி நேரமும் படம் அனுப்பினால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும். நாளுக்கு 1.5 ஜிபி தரும் சிம் 3 மணி 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பதிவு கார்டில் நடக்கட்டும், பார்க்கும்போது மட்டும் இணையம் செலவாகட்டும் என்று அமைப்பதே சிக்கனம்.

பல கேமரா, பல கருவி இருந்தால்: விபிஎன் என்ற முறை நல்லது. வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே இணையத்திலேயே ஒரு தனிக் குழாய் பதிப்பதுபோல. இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. இரண்டு முனைகளில் ஒன்றில் மட்டும் பொது முகவரி இருந்தால் போதும். நகரத்து வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் அங்கே ஸ்டேட்டிக் ஐபி வாங்கிக்கொள்ளலாம். வயலில் சாதாரண சிம்மே போதும். ஏனென்றால் கொட்டகை ரவுட்டர் உள்ளேயிருந்து வெளியே கூப்பிடுகிறது, அதை யாரும் தடுப்பதில்லை. இரண்டு ரவுட்டர்களிலும் விபிஎன் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்டேட்டிக் ஐபி வாங்கி போர்ட் திறப்பது: இது கடைசி வழியாக இருக்கட்டும். கட்டணம் தொடர்ந்து கட்ட வேண்டும். அதைவிட, கேமராவை உலகம் முழுவதற்கும் திறந்துவிடுவது பெரிய ஆபத்து.

திறந்த கேமராவால் என்ன நடக்கும்?

2016இல் மிராய் என்ற கெடுநிரல் உலகம் முழுவதும் பரவியது. அது குறிவைத்தது கணினிகளை அல்ல, கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும்தான். இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடி, தயாரிப்பாளர் போட்டு அனுப்பிய கடவுச்சொற்கள் 60க்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. மாற்றாமல் விட்டிருந்தவை எல்லாம் அதன் கைக்குப் போயின. அப்படிச் சேர்த்த கருவிகளைக் கொண்டு நடத்திய தாக்குதலால் 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர் உட்படப் பல இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின.

கேமரா வைத்திருந்தவர்களில் பலருக்கு அது தெரியவே இல்லை. உள் முகவரிக்குப் பின்னால் இருந்த கருவிகளை இந்த முறையில் நேரடியாகப் பிடிப்பது கடினம். உள் முகவரி தரும் பாதுகாப்பு அவ்வளவு. ஆனால் அதே வைஃபையில் ஏற்கெனவே கெட்டுப்போன ஒரு கருவி இருந்தால், உள்ளேயிருந்து மற்றவற்றையும் தாக்கலாம். சர்வர் வழியாகப் பார்க்கும் கேமராவில் ‘அட்மின்’, ‘12345’ என்று கடவுச்சொல் வைத்திருந்தால் வேலி இருந்தும் பயனில்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

எண்களைத் திட்டமிட்டுக் கொடுங்கள்

வரப்பு போடும் முன் அளந்துகொள்வதுபோல, கருவி மாட்டும் முன் எண்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. எல்லோரும் 192.168.1 என்றே விட்டுவிடுவதால்தான் மோதல் வருகிறது. 1996 ஆவணமே, உள் முகவரித் தொகுப்பிலிருந்து ஏதாவது ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் எடுப்பதுபோலத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

ஒரு மாதிரி:

• வீடு – 192.168.37 என்று தொடங்கட்டும்
• முதல் கிணறு – 192.168.52
• இரண்டாவது கிணறு – 192.168.83

ஒவ்வொரு இடத்திலும் கடைசி எண் 1 ரவுட்டருக்கு, 11 முதல் 19 வரை கேமராக்களுக்கு, 21 முதல் 29 வரை சென்சார்களுக்கு, 31 முதல் மோட்டார் கருவிகளுக்கு என்று ஒரே ஒழுங்கில் வைத்தால் எதைத் தேடுவதும் எளிது.

ரவுட்டர் தானாகவே எண் கொடுக்கும்போது, மின்சாரம் போய் வந்தால் எண்கள் மாறிப்போக வாய்ப்பு உண்டு. நேற்று தெரிந்த கேமரா இன்று தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே கேமராவுக்கும் பதிவுப் பெட்டிக்கும் எண் மாறாதபடி ரவுட்டரில் நிலையாக ஒதுக்கச் சொல்லுங்கள். எந்தக் கருவிக்கு எந்த எண் என்று ஒரு நோட்டில் எழுதிப் பட்டா, சிட்டாவோடு வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியவர் நாளை ஊரில் இல்லாவிட்டாலும் வேறொருவர் பார்த்துச் சரிசெய்ய அது உதவும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். நான்கு ஊர்களில் கொள்முதல் மையம், எடை மேடை, கணினி என்று விரியும்போது, தொடக்கத்திலேயே ஊருக்கு ஒரு எண் ஒதுக்கிவிட்டால், பின்னால் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

புதிய வகை முகவரி வந்தால் சிக்கல் தீருமா?

ஐபிவி6 என்ற புதிய வகையில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. 340 என்று எழுதி, அதன் பக்கத்தில் 36 சுழியங்கள் போட்டால் எவ்வளவோ அவ்வளவு முகவரிகள். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு பொது முகவரி கொடுக்கலாம். இதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ, தொடக்கம் முதலே இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது இதற்கு முக்கியக் காரணம். உங்கள் செல்போனிலேயே இது இப்போது ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் முகவரி இருப்பதாலேயே வழி திறந்துவிடாது. வெளியிலிருந்து வரும் இணைப்பைப் பாதுகாப்புக்காக ரவுட்டரோ நிறுவனமோ தடுத்து வைத்திருக்கலாம். கேமராவும், பார்க்கும் இடத்தில் உள்ள இணைப்பும் ஐபிவி6 ஏற்க வேண்டும். எனவே புதிதாக வாங்குபவர்கள் இந்த வசதி உள்ள ரவுட்டரும் கேமராவும் வாங்கி வைப்பது நல்லது. இதை மட்டுமே நம்பி இன்றைய ஏற்பாட்டைச் செய்ய வேண்டாம்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் பாரத்நெட் திட்டத்தில் ஃபைபர் கொண்டுசெல்லும் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் செய்து வருகிறது. உங்கள் ஊரில் ஃபைபர் இணைப்பு எடுக்கும் வாய்ப்பு வந்தால், வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் மட்டும் கேட்காதீர்கள். ‘ரவுட்டருக்குப் பொது முகவரி கிடைக்குமா, ஐபிவி6 உண்டா’ என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. இந்தக் கருவியை வெளியூரில் இருந்து பார்க்க ஸ்டேட்டிக் ஐபி தேவையா, செயலியே போதுமா?
2. செயலிக்கு ஓராண்டுக்குப் பிறகு கட்டணம் உண்டா?
3. நிறுவனத்தின் சர்வர் நின்றுபோனால், கொட்டகை வைஃபையில் நேரடியாகப் பார்க்க முடியுமா?
4. சிக்னல் இல்லாதபோதும் மெமரி கார்டில் பதிவு நடக்குமா? எத்தனை நாள் பதிவு நிற்கும்?
5. கடவுச்சொல்லை நானே மாற்ற முடியுமா?
6. மோட்டார் கருவி என்றால், இணையம் போனாலும் கையால் ஓட்டவும் நிறுத்தவும் வழி உண்டா?
7. பதிவு செய்த செல்போன் எண்களுக்கு மட்டும் கட்டுப்படும்படி வைக்க முடியுமா?

மூன்றாவதுக்கும் ஆறாவதுக்கும் ‘முடியாது’ என்று பதில் வந்தால் அந்தக் கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது. நவரைப் பட்டத்தில் கதிர் வரும் நேரத்தில், எங்கோ இருக்கும் ஒரு சர்வர் நின்றதால் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் போகக் கூடாது.

மொபைல் ஸ்டார்ட்டருக்கு இப்போதுள்ள மானிய விவரத்தை உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். கேமரா, ரவுட்டர் வாங்கும்போது மேலே சொன்ன ஐந்து நிமிடச் சோதனையை முதலில் செய்துவிட்டு, எந்த வழி என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.